மாணவர் செனட்டில் இடங்களைத் திருத்திப் பங்கிட ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போகும் நம் மாணவர்கள் பலருக்கு, அங்கே மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாணவர் செனட் என்று ஒரு பேரவை இருப்பதே இரண்டாவது செமஸ்டரில்தான் தெரியவருகிறது. கட்டண ரசீதைப் பாருங்கள். மாணவர் செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பணத்தில் எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் வேலை பல வளாகங்களில் செனட்டின் கையில் இருக்கிறது. இப்படிக் கட்டாயமாக வசூலிக்கலாம், ஆனால் எந்தச் சங்கம் என்ன கருத்துச் சொல்கிறது என்று பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2000-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சவுத்வொர்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, பொங்கல் விழாவுக்கு அரங்க வாடகை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில். யாருக்கு எத்தனை நாற்காலி என்ற கேள்வி அதனால்தான் முக்கியம்.

மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் தொழிற்பொறியியலில் முனைவர் பட்டம் படித்தபோது, பொறியியல் கல்லூரியின் சார்பில் செனட்டில் இருந்தேன். (இங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் பொறியியல், வணிகம், சட்டம் போன்ற பிரிவு.) இடங்களைத் திருத்திப் பங்கிட அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பும் வந்தது. கோவையில் நான் இளநிலை படித்த இடத்தில் தேர்தலே கிடையாது. துறைத்தலைவர் கை காட்டுபவர்தான் வகுப்புப் பிரதிநிதி. அப்படி வளர்ந்தவனுக்கு ஓட்டு வாங்கி ஓர் இடத்தில் உட்காருவது பெரிய விஷயம். அந்த இடம் எந்தக் கணக்கில் வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. செனட்டின் உள்விதிகளான பைலாவில் கல்லூரிப் பெயர்களும் அவற்றுக்கு எதிரே எண்களும் இருந்தன, அவ்வளவுதான். எந்த ஆண்டுச் சேர்க்கை, என்ன வகுத்தல், யார் போட்ட கணக்கு என்று ஒரு வரி இல்லை.

இந்த மாதிரிப் பைலாவைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, 5 என்று இருப்பதை 8 ஆக்கிவிடலாம் என்பதுதான். ஆக்கலாம். பத்து வருடத்தில் அந்த 8-உம் பழசாகிவிடும், அதைத் திருத்த இன்னொரு சண்டை போட வேண்டியிருக்கும். இடங்களின் எண்ணிக்கையைப் பைலாவிலிருந்து எடுத்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்கும் விதியை அங்கே எழுதி வைப்பதுதான் நிலைக்கும் சீர்திருத்தம். ஆண்டுதோறும் சேர்க்கை மாறும்போது யாரும் தீர்மானம் கொண்டுவராமலேயே இடங்கள் தாமாக மாற வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றமே தன் இடங்களைத் திருத்திப் பங்கிடவில்லை. நகரங்கள் பெருத்துவிட்டன, பங்கிட்டால் கிராமப்புறத் தொகுதிகள் இடம் இழக்கும், இழக்கப் போகிறவர்களும் ஓட்டுப் போட்டால்தான் மசோதா நிறைவேறும். பத்தாண்டு அப்படியே ஓடிவிட்டது. 1929-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, இனி கணக்கெடுப்பு முடிந்ததும் பங்கீடு தானாக நடக்கும் என்று வைத்த பிறகுதான் அந்த முட்டுக்கட்டை விலகியது. உங்கள் செனட்டிலும் இதே நிலைமைதான் இருக்கும்: மாற்றத்துக்கு ஓட்டுப் போட வேண்டியவர்களே மாற்றத்தால் இடம் இழப்பவர்கள்.

நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ஒன்று கேட்பார்கள். மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்ததைத் தமிழ்நாடு ஆதரிக்கிறது, நீ மட்டும் தானியங்கிப் பங்கீடு கேட்கிறாயே என்று. நியாயமான கேள்வி. 1976-இல் 42-ஆவது திருத்தம் நிறுத்தி வைத்ததற்கும், 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே இடம் இழக்கக் கூடாது. அங்கே கூட்டாட்சி என்ற பெரிய விஷயமும் இருக்கிறது. வணிகக் கல்லூரியில் மாணவர் கூடியதற்கும் கல்வியியல் கல்லூரியில் குறைந்ததற்கும் நடுவே அப்படி ஒன்றும் இல்லை. பழைய எண் நின்றுகொண்டிருப்பது யாரும் தொடவில்லை என்பதால்தான்.

யாரை எண்ணுவது?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பைலாவை முழுதாகப் படியுங்கள். திருத்தத்துக்கு எத்தனை ஓட்டு, எத்தனை நாள் முன்னறிவிப்பு, மாணவர்களிடம் பொது வாக்கெடுப்பு தேவையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பைலா ஒன்றுமே சொல்லாமல், ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறைக் கையேட்டைப் பின்பற்றுவதாக மட்டும் இருந்தால், முன்னறிவிப்போடு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, இல்லையென்றால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். இது தெரியாமல் ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

அடுத்து பதிவாளர் அலுவலகம். இலையுதிர் செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்களில் 'சென்சஸ் நாள்' என்று ஒரு நாளை வைத்து அன்றைய சேர்க்கையை அதிகாரபூர்வக் கணக்காக எடுப்பார்கள். உங்களுக்கு அந்த அறிக்கை போதும். கல்லூரிவாரி மொத்தம் கேட்பதில் தனியுரிமைச் சிக்கல் எதுவும் இல்லை; 1974-இன் ஃபெர்பா சட்டம் தனி மாணவரின் பதிவுகளைத்தான் காக்கிறது. பல இடங்களில் இந்த எண்கள் பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கும். அறிக்கையின் பெயரையும் தேதியையும் அப்படியே எழுதி வையுங்கள், பின்னால் பைலாவில் தேவைப்படும்.

அறிக்கை கைக்கு வந்ததும்தான் உண்மையான விவாதம் ஆரம்பிக்கும். பகுதிநேர மாணவரை அரை ஆளாக எண்ணுவதா, முழு ஆளாகவா? பல்கலைக்கழகம் தன் நிதிக் கணக்குகளுக்கு முழுநேரச் சமானம் என்று ஒரு எண் வைத்திருக்கும். அதில் பகுதிநேர மாணவர்கள் சிலர் சேர்ந்தால்தான் ஓர் ஆள். அதை எடுக்காதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்கு வரும் தாய்க்கு அரை ஓட்டா கொடுக்கிறோம்? தலைக்கணக்குதான் சரி. ஆன்லைனில் மட்டும் படிப்பவர்கள் விஷயத்தில் நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: செயல்பாட்டுக் கட்டணம் கட்டுகிறார்களா? கட்டினால் எண்ணு. பணத்தைப் பங்கிடும் சபையில் பணம் கட்டியவரை விட்டுவிட்டு ஒரு கணக்குப் போட முடியாது.

இரண்டு பாடப்பிரிவு எடுத்தவர்கள் இரண்டு கல்லூரியிலும் வருவார்கள். பாதி பாதியாகப் பிரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், அறிக்கையிலிருந்து எடுப்பது பெரும்பாடு. முதன்மைப் பிரிவை வைத்து ஒரே இடத்தில் எண்ணுங்கள், அவர் ஓட்டும் அங்கேயே. பாடப்பிரிவு முடிவு செய்யாத முதலாண்டு மாணவர்களைத்தான் மறந்துவிடுவார்கள். பொது நிர்வாகப் பிரிவு ஒன்றின் கீழ் அவர்கள் பெயர் இருக்கும், அந்தப் பிரிவுக்கு செனட்டில் இடமே இருக்காது. அதையும் ஒரு கல்லூரியாகவே வைத்து இடம் கொடுங்கள்.

முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனிப் பேரவை இருக்கும் வளாகமாக இருந்தால், இங்கேயும் அங்கேயும் எண்ணக் கூடாது. ஒரே பேரவைதான் என்றால் கல்லூரிக்குள் இளநிலை மாணவர் எண்ணிக்கையில் மற்றவர்கள் கரைந்துபோவார்கள். பொறியியலில் இது நேரடியாக நம் ஆட்களைத் தொடும் விஷயம். மக்கள்தொகைக்கு எண்ணும்போது ஆராய்ச்சி மாணவர்களும் சேர்ந்து இடங்களைக் கூட்டிக் கொடுக்கிறார்கள், அந்த இடங்களில் உட்காருபவர்கள் எல்லோரும் இளநிலை மாணவர்கள். நான்கு இடத்துக்கு மேல் வாங்கும் கல்லூரியில் அவற்றை இளநிலை, முதுநிலை என்று அதே விகிதத்தில் உள்ளே பிரித்துவிடுவது நல்லது. சின்னக் கல்லூரிகளில் பிரிக்க ஒன்றும் இருக்காது.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனி இடம் கேட்பவர்களும் உண்டு, நான் அதற்கு ஆதரவு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை பார்க்க முடியாது என்பது போன்ற விஷயங்களை எந்தக் கல்லூரிப் பிரதிநிதியும் தானாக எழுப்புவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட இடங்களைப் பங்கீட்டுக் கணக்குக்கு வெளியே, எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போட்டு வைக்க வேண்டும். அந்த மாணவருக்கு கல்லூரியில் ஒன்று, இந்த இடத்துக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு கிடைக்கிறது என்பதையும் பைலாவில் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

எந்தக் கணக்கு?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. மொத்தம் 12,000 மாணவர், 30 இடங்கள். பொறியியல் 4,660, கலை அறிவியல் 3,780, வணிகம் 1,750, கல்வியியல் 980, வேளாண்மை 620, சட்டம் 210.

ஓர் இடத்துக்கு 400 மாணவர். இந்த 400-தான் வகுத்தி. வகுத்துப் பார்த்தால் பொறியியலுக்கு 11.65, கலை அறிவியலுக்கு 9.45, வணிகத்துக்கு 4.375, கல்வியியலுக்கு 2.45, வேளாண்மைக்கு 1.55, சட்டத்துக்கு 0.525. முழு எண்களைக் கொடுத்தால் 27 இடம் போய்விடும். மிச்சம் மூன்று. அந்த மூன்றும் யாருக்கு என்பதில்தான் 200 வருடச் சண்டை இருக்கிறது.

தசமப் பகுதி யாருக்குப் பெரிதோ அவர்களுக்குக் கொடு என்பது ஹாமில்டன் முறை. பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆளுக்கு ஒன்று வாங்கும்: 12, 9, 4, 2, 2, 1. எல்லோருக்கும் உடனே புரியும், நியாயமாகவும் தெரியும். 1792-இல் இந்த முறையில் வந்த மசோதாவை ஜார்ஜ் வாஷிங்டன் திருப்பி அனுப்பினார். அமெரிக்க வரலாற்றில் ஜனாதிபதி பயன்படுத்திய முதல் தடையதிகாரம் அதுதான். அதற்குப் பதிலாக வந்தது ஜெஃபர்சன் முறை. தசமத்தையெல்லாம் வெட்டிவிடு, மொத்தம் சரியாக வரும்வரை வகுத்தியைக் குறைத்துக்கொண்டே போ என்பது அது. நம் உதாரணத்தில் வகுத்தி 358-க்கு இறங்கும்: 13, 10, 4, 2, 1, 0. பெரியவருக்கு ஒன்று கூடியது, சட்டக் கல்லூரி காணாமலே போனது. ஜெஃபர்சன் முறை எப்போதும் பெரியவர் பக்கம் சாயும். 1832-இல் நியூயார்க்கின் பங்கு 38.59, கிடைத்ததோ 40 இடம்.

அப்படியானால் ஹாமில்டனே போதுமே என்று தோன்றும். மொத்த இடங்களை மாற்றிப் பாருங்கள். 31 இடம் என்றால் ஹாமில்டன் முறையில் 12, 10, 4, 2, 2, 1. இன்னும் ஒன்று கூட்டி 32 ஆக்கினால் 12, 10, 5, 3, 2, 0. சபை பெரிதானது, மாணவர் எண்ணிக்கை ஒன்றும் மாறவில்லை, சட்டக் கல்லூரியின் ஒரே இடம் போய்விட்டது! இது என் உதாரணத்தின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். 1880 கணக்கெடுப்பை வைத்துக் கணக்குப் போட்டபோது 299 இடமுள்ள சபையில் அலபாமாவுக்கு 8, 300 இடமுள்ள சபையில் 7 என்று வந்தது. அலபாமா முரண்பாடு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நான் பரிந்துரைப்பது வெப்ஸ்டர் முறை. ஈவை அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோ: அரைக்கு மேல் என்றால் மேலே, கீழே என்றால் கீழே. மொத்தம் சரியாக வராவிட்டால் வகுத்தியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கு. 30 இடத்துக்கு 400-ஏ சரியாக வருகிறது, ஹாமில்டன் கொடுத்த அதே விடை. 31-க்கு வகுத்தி 395, 32-க்கு 390. இரண்டிலும் சட்டக் கல்லூரிக்கு ஒன்று நிற்கிறது. சபை பெரிதானால் யாரும் இடம் இழப்பது இந்த முறையில் நடக்கவே நடக்காது. பெரியவர், சின்னவர் என்று பக்கம் சாய்வதும் இல்லை. ஜெர்மனியும் நியூசிலாந்தும் கட்சிகளுக்கு இடம் பிரிப்பது இதே கணக்கில்தான், அங்கே சான்ட்-லாக் என்று பெயர். குறையே இல்லாத முறை ஒன்று இருக்க முடியாது என்று, இந்தப் பங்கீட்டு முறைகளை ஆராய்ந்த பலின்ஸ்கியும் யங்கும் கணிதமாகவே நிரூபித்துவிட்டார்கள். அவர்களும் கடைசியில் வெப்ஸ்டர் பக்கம்தான் நின்றார்கள். கூகுள் ஷீட்ஸில் ரவுண்ட் ஃபங்ஷன் ஒன்று போதும், வகுத்தியை ஒரு கட்டத்தில் வைத்துக்கொண்டு மாற்றிப் பார்க்கலாம்.

எங்கள் குழுவில் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் இருந்தார். ஆரம்பத்திலிருந்தே சந்தேகம், பெரிய கல்லூரிகள் சேர்ந்து தங்களை விழுங்கப் பார்க்கின்றன என்று. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, மொத்தம் என்ற கட்டத்தில் 31-ஐ 32 ஆக்கச் சொன்னேன். ஹாமில்டன் பத்தியில் அவர் வரி 1-லிருந்து 0 ஆனது. மறுபடி 31, மறுபடி 32 என்று அவரே தட்டிப் பார்த்தார். அப்புறம் பக்கத்துப் பத்தியில் வெப்ஸ்டர் என்ன சொல்கிறது என்று பார்த்தார். அதன்பின் மற்றக் கல்லூரிக்காரர்களுக்கு வெப்ஸ்டர் முறையை விளக்கிக்கொண்டிருந்தது அவர்தான். நான் பேசியிருந்தால் பொறியியல்காரன் பேசுகிறான் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டு வாங்குவது

நான் இதில் இறங்கியது தெரிந்ததும் மதுரைத் தம்பி ஒருவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, நமக்கு எத்தனை சீட் கூடும்?" எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். புதிய சேர்க்கை எண்கள் மேசைக்கு வரும் முன்பே முறைக்கு ஓட்டெடுங்கள். யாருக்கு லாபம் என்று தெரிந்துவிட்டால் எந்த முறை நியாயம் என்பது விவாதத்துக்கே வராது. மாதிரி எண்களை வைத்து முறையை முடிவு செய்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் உண்மை எண்களைப் போடுங்கள்.

சின்னக் கல்லூரிகளுக்குக் குறைந்தது ஓர் இடம் என்ற உறுதியை நீங்களே முதலில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றுக்கு மேல் உறுதி கொடுக்க வேண்டாம். இரண்டு என்று வைத்தால் மாதிரிக் கணக்கில் சட்டக் கல்லூரியில் 105 பேருக்கு ஓர் இடம், கலை அறிவியலில் 420 பேருக்கு ஓர் இடம் என்று ஆகிவிடும். இப்போது இடத்தில் இருப்பவர்கள் பதவிக்காலம் முடியும்வரை இருக்கட்டும், புதிய பங்கீடு அடுத்த தேர்தலிலிருந்து என்று வையுங்கள். தன் நாற்காலியே பறிபோகும் என்றால் நல்லவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடுவார். எங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைத்ததில் இந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

பைலாவில் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"செனட்டின் பங்கீட்டு இடங்கள் 30. இலையுதிர் செமஸ்டரின் சென்சஸ் நாளில் பதிவாளர் வெளியிடும் கல்லூரிவாரித் தலைக்கணக்கின்படி, வெப்ஸ்டர் முறையில் இவை பங்கிடப்படும். ஒவ்வொரு கல்லூரிக்கும் குறைந்தது 1 இடம். ஒரு மாணவர் முதன்மைப் பிரிவின் கல்லூரியில் மட்டும் எண்ணப்படுவார். கடைசி இடத்துக்கு இரு கல்லூரிகள் சமமாக வந்தால் மாணவர் அதிகமுள்ள கல்லூரிக்கு அந்த இடம். தேர்தல் ஆணையர் கணக்குத்தாளை முழுதாக வெளியிட வேண்டும். 10 நாளுக்குள் எந்த மாணவரும் பிழை சுட்டலாம். இந்தப் பங்கீட்டுக்கு செனட்டின் ஒப்புதல் தேவையில்லை."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லித்தான் அதிகம் கேட்பார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒப்புதல் என்று ஒரு படி வைத்தால், இடம் இழப்பவர்கள் ஒப்புதல் தராமல் தள்ளிப்போடுவார்கள், 1920-களில் நடந்ததுதான் நடக்கும்.

காலியிடங்களைப் பற்றியும் ஒரு விதி வேண்டும். பெரிய கல்லூரிக்கு 12 இடம் கொடுத்து 7 பேர்தான் நின்றார்கள் என்றால், மிச்சத்தை வேறு கல்லூரிக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. காலியாக வைத்து இடைத்தேர்தல் நடத்துங்கள். ஆனால் கோரம், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கை மொத்த இடங்களுக்கு வைக்காமல் நிரம்பிய இடங்களுக்கு வையுங்கள். இல்லையென்றால் சீர்திருத்தம் வந்த வருடமே கூட்டம் கூட முடியாமல் போய், பழைய முறையே தேவலை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். செப்டம்பரில் குழு, அக்டோபரில் முறைக்கு ஓட்டு, நவம்பரில் எண்களோடு திருத்த மசோதா, வசந்தகாலத் தேர்தலுக்கு முன் பொது வாக்கெடுப்பு. கணக்குத்தாளை உங்கள் சொந்தக் கணக்கில் வைக்காமல் தேர்தல் ஆணையரின் பொதுக் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள். அடுத்த சென்சஸ் நாளுக்கு நீங்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பீர்கள். அந்தத் தாளைத் திறந்து ஆறு எண்களை மாற்றத் தெரிந்த ஓர் இரண்டாமாண்டு மாணவரையாவது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.